வாசலுக்குப் பத்து சதவீதம்

1982இல் சக் ராஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு வேலை பார்த்தார். ‘காஸாபிளாங்கா’ படத்தின் திரைக்கதையை எடுத்து, அதற்கு மூலமாக இருந்த நாடகத்தின் பெயரைத் தலைப்பில் போட்டு, யாரும் கேள்விப்படாத ஓர் எழுத்தாளரின் பெயரில் 217 ஏஜென்ட் நிறுவனங்களுக்கு அனுப்பிவைத்தார். சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர் வாங்கிய படம் அது. கிடைத்த பதில்களைத் தொகுத்து ‘ஃபிலிம் கமெண்ட்’ இதழில் எழுதினார். 90 பிரதிகள் படிக்கப்படாமலே திரும்பி வந்தன. 33 பேர் இது எந்தப் படம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 38 நிறுவனங்கள் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. பேச்சு அதிகம், கதையில் வலுவில்லை என்ற மாதிரியான காரணங்கள். மூன்றே மூன்று நிறுவனங்கள் விற்றுத்தர முன்வந்தன. இதை எடுத்துச் சொல்கிறவர்கள் அந்த 38 பேரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது வழக்கம். எனக்கு அந்த 90தான் முக்கியமாகப் படுகிறது. ரசனை இல்லாதவர்கள் எந்தத் தொழிலிலும் இருப்பார்கள். ஆனால் வந்த தாளைப் படிக்காமல் திருப்புவது ஒரு தொழிலின் நடைமுறையாகவே இருக்குமானால், ரசனைக்கு வெளியே அதற்கு ஏதோ காரணம் இருந்தாக வேண்டும்.

ஹாலிவுட் ஏஜென்ட்கள் புதிய எழுத்தாளர்களுக்குச் சொல்லும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. 120 பக்கத்தைத் தாண்டாதே. முதல் பத்துப் பக்கத்துக்குள் படிப்பவரைப் பிடித்துவிடு. கேமராவை எங்கே வைப்பது என்று இயக்குநருக்குப் பாடம் எடுக்காதே. தாளில் வெள்ளை இடம் நிறைய விடு. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் உன்னிடம் கதை இல்லை என்று அர்த்தம். கேட்காமல் ஸ்கிரிப்டை அனுப்பாதே, முதலில் ஒரு பக்கக் கடிதம் எழுது. கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எழுத்துக்கலையின் விதிகள் போலத்தான் தோன்றுகின்றன. பயிற்சிப் பட்டறைகளிலும் கைநூல்களிலும் அப்படித்தான் கற்பிக்கிறார்கள், சென்னைப் பட்டறைகள் உட்பட. ஆனால் வரலாற்றில் அந்தக் கடைசி விதிதான் மூத்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை. வழக்குகளுக்குப் பயந்து ஸ்டூடியோக்கள் வாசலைச் சாத்தின. சாத்திய வாசலில் ஏஜென்ட் வந்து நின்றார். அவர் வழியாக உள்ளே போன கட்டுக்கட்டான தாள்களைச் சலிக்க, சம்பளத்துக்கு ஒரு வாசகர் உட்கார்ந்தார். களைத்துப்போன அந்த வாசகரைத் தாண்டிப் போவதற்கான உத்திகளே நாளடைவில் திரைக்கதை இலக்கணம் என்று பெயர் வாங்கிவிட்டன. இதுதான் என் வாதம். இனிச் சொல்லப்போவது அதற்கான சான்று.

வாசல் திறந்துகிடந்த காலம் ஒன்று இருந்தது. மௌனப் படங்களின் முதல் ஆண்டுகளில் அச்சில் வந்த நாவல், நாடகம் எதையும் கேட்காமல் எடுத்துப் படமாக்கினார்கள். கேலம் என்ற கம்பெனி 1907இல் லூ வாலஸின் ‘பென்ஹர்’ நாவலை ஒரு ரீல் படமாக எடுத்தபோது, பதிப்பாளர்களான ஹார்ப்பர் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1911இல் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பானது. கேலம் 25,000 டாலர் கட்டியது. அன்றைய ஒரு ரீல் படங்கள் பலவற்றை எடுத்துவிடக்கூடிய தொகை. அச்சில் வந்த கதைக்கு இனி உரிமை வாங்க வேண்டும் என்று ஆனதும், அச்சில் வராத கதை மலிவுச் சரக்காகியது. கம்பெனிகள் பொதுமக்களிடமிருந்தே கதை வரவேற்றன. அனிதா லூஸ் 1912இல் ‘தி நியூயார்க் ஹாட்’ கதையை பயோகிராஃப் கம்பெனிக்கு அஞ்சலில் அனுப்பி 25 டாலர் பெற்றார். கிரிஃபித் இயக்க, மேரி பிக்ஃபோர்ட் நடித்து அது படமாக வந்தது. கடைக்காரர், தட்டச்சர், பள்ளி ஆசிரியை என்று ஊரே எழுத உட்கார்ந்தது. எப்ஸ் வின்த்ராப் சார்ஜென்ட் ‘மூவிங் பிக்சர் வேர்ல்ட்’ இதழில் பத்தி எழுதி, கைநூலும் போட்டார். பத்தாண்டு முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிரெடரிக் பாமர் அஞ்சல் வழித் திரைக்கதைப் பள்ளியே நடத்தினார். எழுதுகிறவர்களைவிட எழுதக் கற்றுத்தருகிறவர்கள் நிச்சயமாகச் சம்பாதிக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்த வாசல் மூடப்பட்டதற்கு வந்த கதைகளின் தரம் ஒரு காரணம்தான். மூட்டை மூட்டையாக வந்த உறைகளில் தேறியது மிகக் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் தரமற்ற உறை அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். அதில் கம்பெனிக்கு இழப்பு ஓர் அஞ்சல்தலை. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. திருப்பி அனுப்பிய கதையைப் போல ஏதாவது ஒரு படம் இரண்டு வருடம் கழித்து வந்தால், உறை அனுப்பியவர் வக்கீலோடு வந்து நிற்பார். காதல், துரோகம், காணாமல்போன உயில் என்று எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய காலத்தில் எந்தப் படமும் யாரோ ஒருவரின் உறைக்குள் இருந்த கதையைப் போலத்தான் இருக்கும். 1920களின் தொடக்கத்துக்குள் பெரிய ஸ்டூடியோக்கள் வெளியாள் கதைகளைத் தொடுவதையே நிறுத்திக்கொண்டன. வேண்டியதைப் பிரசுரமான நூலிலிருந்தோ பிராட்வே நாடகத்திலிருந்தோ உரிமை கொடுத்து வாங்கின, அல்லது வாரச் சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுத வைத்தன. நம் ஸ்டூடியோக்களில் கதை இலாகா என்று ஒன்று இருந்ததைப் போல அங்கும் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் ஓர் இலாகா. நாவல்களைப் படித்துச் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. எம்ஜிஎம்மில் கேட் கார்பலே என்ற பெண்மணி கதைகளைச் சுருக்கி வாயால் சொல்ல, முதலாளி லூயி பி. மேயர் கேட்டுத்தான் முடிவெடுப்பார். ஸ்டூடியோ அதிபர் படிக்க மாட்டார் என்பது அங்கே ரகசியமாக இருந்ததே இல்லை. கோடம்பாக்கம் கதை சொல்லலில் நாம் கண்டதும் இதுவே. அங்கே நடுவில் தாள் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

பேசும்படம் வந்த பிறகு ஏஜென்ட் முக்கியமான ஆளானார். வசனம் எழுதத் தெரிந்த நாடகக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் நியூயார்க்கிலிருந்து ரயிலேறினார்கள். அவர்களுக்காகப் பேரம் பேச ஆள் தேவைப்பட்டது. மைரன் செல்ஸ்னிக்கின் கதை இதில் தனி ருசி. அவருடைய அப்பா லூயிஸ் செல்ஸ்னிக் ஒரு படக் கம்பெனி அதிபர், 1923இல் திவாலானார். மற்ற முதலாளிகள்தான் அப்பாவைக் கவிழ்த்தார்கள் என்று மகன் கடைசிவரை நம்பினார். தம்பி டேவிட் தயாரிப்பாளராகி அந்த முதலாளிகளில் ஒருவரானபோது, அண்ணன் ஏஜென்ட்டாகி அவர்களுடைய பணப்பெட்டியைக் காலிசெய்யக் கிளம்பினார். 1931இல் பாரமவுண்டின் மூன்று நட்சத்திரங்களை, வில்லியம் பவல், கே ஃபிரான்சிஸ், ரூத் சாட்டர்டன் ஆகியோரை, ஒரே வீச்சில் வார்னருக்குக் கடத்தி ஊரையே அலறவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் விற்ற சரக்கு எது என்பது. ஆளைத்தான் விற்றார், இத்தனை வாரம், வாரத்துக்கு இவ்வளவு என்று. எழுத்தாளர்களின் ஏஜென்ட்களும் அதையே செய்தார்கள். ‘காலேஜ் ஹியூமர்’ இதழின் ஆசிரியராக இருந்து ஹாலிவுட் வந்த எச். என். ஸ்வான்சன் அவர்களில் தலையானவர். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 1937இல் எம்ஜிஎம்மில் வாரம் 1,000 டாலருக்கு ஆறு மாத ஒப்பந்தம் வாங்கித்தந்தவர் அவர். ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதியது எம்ஜிஎம்முக்குச் சொந்தம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தினார்கள். ‘த்ரீ காம்ரேட்ஸ்’ படத்தில் மட்டும் அவர் பெயர் வந்தது, அதையும் தயாரிப்பாளர் ஜோசஃப் மான்கிவிச் மாற்றி எழுதியிருந்தார். இந்த ஏற்பாட்டில் ஏஜென்ட் எழுத்தாளருக்குத் திரைக்கதை பற்றி அறிவுரை சொல்ல எந்த அவசியமும் இல்லை. விற்பனை முடிந்த பிறகுதான் எழுத்தே தொடங்கியது.

இதற்கு விதிவிலக்காக நின்றது பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். யாரும் கேட்காமல், யாருடைய சம்பளமும் வாங்காமல், முழுத் திரைக்கதையாக எழுதி முடித்து ‘தி பவர் அண்ட் தி குளோரி’யை ஜெஸ்ஸி லாஸ்கியிடம் கொண்டுபோனார். லாஸ்கி ஒரு வரியும் மாற்ற வேண்டாம் என்று அப்படியே எடுத்தார். 1933இல் ஸ்பென்சர் டிரேசி நடித்து ஃபாக்ஸ் வழியாக வந்தது. ஸ்டர்ஜஸுக்கு 17,500 டாலர் முன்பணம், வசூலில் சதவீதம் தனி. ஏழெட்டுப் பேரை ஒரே கதையில் மாற்றி மாற்றி உட்கார வைக்கும் எம்ஜிஎம் முறைக்கு இது நேர் எதிர். ஊர் அதைப் பின்பற்றியதா என்றால் இல்லை. ஸ்டர்ஜஸே ஏழு ஆண்டு கழித்து, தானே இயக்க வேண்டும் என்பதற்காக ‘தி கிரேட் மெக்கின்டி’ திரைக்கதையைப் பாரமவுண்டுக்குப் பத்து டாலருக்குக் கொடுத்தார். அசல் திரைக்கதைக்கான முதல் ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. தாளில் முடித்துவிட்ட எழுத்துக்கு விலை உண்டு என்று நிரூபித்தவரே, அதைவிட எழுத்தின் மேல் பிடி முக்கியம் என்று முடிவுசெய்த இந்த இடத்தைத் திரைக்கதை விற்பனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடுவதில்லை.

வாசலுக்கு இரண்டாவது பூட்டு போட்டது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம். 1949 நவம்பரில் விக்டர் டெஸ்னி என்பவர் இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். 1925இல் கென்டக்கிக் குகை ஒன்றில் சிக்கிச் செத்த ஃப்ளாய்ட் காலின்ஸைப் பற்றித் தன்னிடம் கதை இருக்கிறது என்றார். செயலாளர், வைல்டர் அவ்வளவு நீளமாக எல்லாம் படிக்க மாட்டார், சுருக்குங்கள் என்றார். இரண்டு நாளில் மூன்று பக்கமாகச் சுருக்கிக்கொண்டு டெஸ்னி மறுபடி கூப்பிட்டார். போனிலேயே படியுங்கள் என்று சொல்லி, அவர் படிக்கப் படிக்கச் செயலாளர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டார். பயன்படுத்தினால் தகுந்த பணம் தர வேண்டும் என்றும் டெஸ்னி சொல்லிவைத்தார். 1951இல், குகையில் சிக்கிய ஒருவனை வைத்துப் பத்திரிகைக்காரன் வியாபாரம் செய்யும் ‘ஏஸ் இன் தி ஹோல்’ வெளியானது. வழக்கு 1956இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவாகும்போது நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: கருத்து யாருக்கும் சொத்து ஆகாது, ஆனால் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொல்லப்பட்டதைத் தெரிந்தே கேட்டுக்கொண்டு பயன்படுத்தினால், எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டாகலாம், விசாரித்துப் பார்க்க வேண்டும். விசாரணைக்கு முன்பே சமரசம் ஆகிவிட்டது. ஆனால் ஸ்டூடியோ வக்கீல்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. போனை எடுப்பதே ஆபத்து. கேட்காமல் வரும் எதையும் பிரிக்காதே, பிரித்தால் படிக்காதே, படித்ததாக ஒப்புக்கொள்ளாதே. சக் ராஸுக்குத் திரும்பி வந்த 90 பிரதிகளின் பின்னால் நிற்பது ரசனைக் குறைவைவிட இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். ஸ்டூடியோக்கள் கடைப்பிடித்த ஒழுங்கை ஏஜென்ட் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டிருந்தன.

இந்தப் பூட்டு வந்த நேரத்தில்தான் உள்ளே இருந்த எழுத்தாளர்கள் எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். 1948இல் பாரமவுண்ட் வழக்கின் தீர்ப்பால் ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட நேர்ந்தது. தொலைக்காட்சி கூட்டத்தைப் பிரித்தது. மாதக்கணக்கில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் முறை சரிந்தது. ஒருபக்கம் வாசல் பூட்டு, மறுபக்கம் வாசலுக்கு வெளியே எழுத்தாளர் கூட்டம். இந்த இடைவெளிதான் ஏஜென்ட்டின் நிலம். அவர் அனுப்பினால் வழக்கு வராது என்ற நம்பிக்கையில் ஸ்டூடியோ உறையைப் பிரிக்கும். பத்து சதவீதம் இந்த நம்பிக்கைக்குக் கூலி. 1967இல் அது எவ்வளவு பெறும் என்று ஊர் பார்த்தது. வில்லியம் கோல்ட்மன் யாரும் கேட்காமல் எழுதிய ‘புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ திரைக்கதையை அவருடைய ஏஜென்ட் எவார்ட்ஸ் ஸீக்லர் ஏலத்துக்கு விட்டு, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் 4 லட்சம் டாலருக்கு முடித்தார். அதற்குமுன் யாருமே கேள்விப்படாத விலை. கோல்ட்மன் பின்னாளில் எழுதியபடி, முதல் சுற்றில் அநேகமாக எல்லோரும் மறுத்தார்கள்; கதாநாயகர்கள் தென் அமெரிக்காவுக்கு ஓடாமல் இருந்தால் வாங்கலாம் என்றார் ஒரு ஸ்டூடியோ தலைவர், உண்மையிலேயே அவர்கள் ஓடினார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. கொஞ்சம் திருத்தி இரண்டாம் முறை விட்டபோது எல்லோருக்கும் வேண்டியிருந்தது. சில பக்க மாற்றத்தில் கதை அவ்வளவு உயர்ந்துவிட்டதா, அல்லது அடுத்த வீட்டுக்காரன் கேட்கிறான் என்ற செய்தி விலையை ஏற்றியதா என்பதைப் படிப்பவரே தீர்மானிக்கலாம். எந்தப் படம் ஓடும் என்று அந்தத் தொழிலில் எவருக்கும் தெரியாது என்று கோல்ட்மன் கடைசிவரை சொல்லிவந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். உலகம் முழுவதும் திரைக்கதை மாணவர்கள் படிக்கும் மூன்று அங்க வடிவத்தைப் பரப்பிய சிட் ஃபீல்டின் ‘ஸ்கிரீன்ப்ளே’ 1979இல் வந்தது. ஃபீல்ட் எங்கிருந்து வந்தார் என்பதை அவரே மறைக்கவில்லை. சினிமொபைல் என்ற நிறுவனத்தின் கதைப் பிரிவில் வாசகராக இருந்தவர் அவர். இரண்டு ஆண்டுச் சொச்சத்தில் 2,000க்கு மேற்பட்ட திரைக்கதைகளைப் படித்தார். பணம் போடுகிறவர்களுக்கு அனுப்பத் தேர்ந்தவை 40. அந்த நாற்பதுக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்ததில் விளைந்ததே அவருடைய பாடம்: முப்பது பக்கம், அறுபது பக்கம், முப்பது பக்கம்; இருபத்தைந்தாம் பக்கத்தை ஒட்டி ஒரு திருப்பம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஸ்கிரிப்ட் படித்துத் தீர்க்க வேண்டியவரின் மேசையை நினைத்துப் பாருங்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கம் எழுதி, கடைசியில் நிராகரிப்பு, பரிசீலனை, பரிந்துரை என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நிராகரித்தால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை. பரிந்துரைத்து அது சொதப்பினால் ஆபத்து. அடர்த்தியான விவரணைப் பத்தி அவருக்கு எதிரி. வெள்ளை இடம் நண்பன். முதல் பத்துப் பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் மிச்சத்தைப் புரட்டி விடுவார். இதெல்லாம் தெரிந்த ஏஜென்ட் சொல்லும் அறிவுரை நல்ல அறிவுரைதான். ஆனால் அது பார்வையாளரை மனதில் வைத்துப் பிறந்ததல்ல. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். பக்க அளவும் வடிவமும் விற்பனைக்காக வந்தவை அல்ல, தயாரிப்புக்காக வந்தவை. தட்டச்சில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம், 120 பக்கம் இரண்டு மணி நேரம். மௌனப் பட நாளிலேயே தாமஸ் இன்ஸ் காட்சிவாரியாகத் தாளில் திட்டமிட்டுத்தானே படமெடுத்தார்? உண்மை. இன்ஸின் தாள், செட்டு எது, உடை எது, எந்த நாள் யார் வர வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கான தாள். ஆனால் அந்தத் தாளில் ஷாட்டுகள் எண்ணிட்டு இருந்தன, கேமரா இருந்தது. விற்பனைக்கு எழுதும் தாளிலிருந்து ஏஜென்ட்கள் அகற்றச் சொன்னவை இவைதாம். படமெடுக்க உதவும் விவரமெல்லாம் படிப்பவரின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால் வெளியே போயின. தயாரிப்புக்கான தாளும் விற்பனைக்கான தாளும் இரண்டாகப் பிரிந்தன. பின்னதுதான் இன்று திரைக்கதை என்ற பெயரில் கற்பிக்கப்படுகிறது. பக்க அளவை மட்டும் தயாரிப்பின் பக்கம் எழுதிவிடலாம், ஆட்சேபனையில்லை.

விற்பனைத் தாள் தன் உச்சத்தைத் தொட்டது 1988க்குப் பிறகு. அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட்வரை எழுத்தாளர் சங்கம் 22 வாரம் வேலைநிறுத்தம் செய்தது. வேலைநிறுத்தத்தில் ஸ்டூடியோவுக்கு எழுதக் கூடாதே தவிர, தனக்காக எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. முடிந்தபோது ஒருபக்கம் கதை வறட்சி, மறுபக்கம் முடித்த ஸ்கிரிப்ட்கள். ஏஜென்ட்கள் இதை வைத்து ஒரு முறையை நேர்த்தியாக்கினார்கள். வெள்ளிக்கிழமை எல்லா ஸ்டூடியோவுக்கும் ஒரே நேரத்தில் பிரதி போகும். திங்கட்கிழமைக்குள் விலை சொல்லியாக வேண்டும். விடியற்காலை மீன் ஏலம் போலத்தான்: வெயில் ஏறினால் சரக்கு நாறிவிடும் என்ற பயமே விலையை ஏற்றுகிறது. 1990இல் பிரையன் ஹெல்கெலாண்டும் மேனி கோட்டோவும் எழுதிய ‘தி டிக்கிங் மேன்’ ஸ்கிரிப்டுக்கு முன்னோட்டமாகத் தயாரிப்பாளர்களுக்கு டிக்டிக்கென்று ஓடும் கடிகாரங்களை அனுப்பினார்கள். பத்து லட்சம் டாலருக்குப் போனது. படம் இன்றுவரை எடுக்கப்படவில்லை. அதே ஆண்டு ஷேன் பிளாக்கின் ‘தி லாஸ்ட் பாய் ஸ்கவுட்’ 17.5 லட்சத்துக்கும், ஜோ எஸ்டர்ஹாஸின் ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ 30 லட்சத்துக்கும் விலைபோயின. பின்னதை விற்றவர் ஏஜென்ட் கை மெக்எல்வேன். வாங்கிய கரால்கோ நிறுவனம் ஐந்தே ஆண்டில் திவால். ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ பணத்தை வாரிக் குவித்தது. 1994இல் 40 லட்சத்துக்கு விற்ற பிளாக்கின் ‘தி லாங் கிஸ் குட்நைட்’ தியேட்டரில் எடுபடவில்லை. விலைக்கும் ஓட்டத்துக்கும் இடையே நேர்கோடு போட முடியாது. அந்த விலைகள் அளந்தது ஏலம் விட்டவரின் கைத்திறனை.

படிப்பவர் யார் என்ற கேள்விக்கு மாட் டேமனும் பென் அஃப்லெக்கும் பல பேட்டிகளில் சொன்ன கதை ஒன்றைச் சேர்க்கலாம். ‘குட் வில் ஹன்டிங்’ ஸ்கிரிப்டின் அறுபதாம் பக்கத்தை ஒட்டி, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆபாசக் காட்சியைச் சொருகி வைத்தார்கள், யார் உண்மையில் படிக்கிறார்கள் என்று பார்க்க. பேரம் பேசிய பலரும் கதையை ஆகா ஓகோ என்றார்கள். அந்தக் காட்சி எதற்கு என்று கேட்டது மிராமாக்ஸ் மட்டும்தான். வேடிக்கைக்காகக் கொஞ்சம் ஊதியிருக்கலாம். ஆனால் முடிவெடுப்பவர் ஸ்கிரிப்டைப் படிப்பதில்லை, வாசகரின் அறிக்கையைப் படிக்கிறார் என்ற ஏற்பாட்டில் இப்படி நடப்பது இயல்புதான்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் இது: ஏஜென்ட் இல்லாவிட்டால் எழுத்தாளர் இன்னும் மோசமாகச் சுரண்டப்பட்டிருப்பார். இதை நான் ஏற்கிறேன். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாரம் 1,000 கிடைத்த அதே ஊரில், 1942இல் வார்னரில் கையெழுத்திட்ட வில்லியம் ஃபாக்னர் வாரம் 300 டாலருக்கு வருடக்கணக்கில் கட்டுப்பட்டார். நல்ல பேரக்காரர் பக்கத்தில் இருப்பதன் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். எல்மோர் லெனர்டின் ‘தி பிக் பௌன்ஸ்’ 84 முறை நிராகரிக்கப்பட்டும் ஸ்வான்சன் கைவிடவில்லை, 1969இல் படமானது. ஆனால் கவனியுங்கள்: இந்த உதாரணங்களில் ஏஜென்ட்டின் சேவை பேரத்திலும் பொறுமையிலும் இருக்கிறது, லெனர்டுக்கு எப்படி எழுதுவது என்று சொல்வதில் இல்லை. பேரக்காரரை நம்புவது வேறு, அவரை ஆசிரியராக ஏற்பது வேறு. கட்டுப்பாடு கலைக்கு நல்லதுதானே, வெண்பாவுக்கு இலக்கணம் இல்லையா என்று கேட்கலாம். வெண்பாவின் கட்டுப்பாடு கேட்பவரின் காதிலிருந்து பிறந்தது. விற்பனைத் தாளின் கட்டுப்பாடு இடைத்தரகரின் கண்ணிலிருந்து பிறந்தது. படம் பார்ப்பவர் அந்தத் தாளைக் கண்ணால்கூடக் காண்பதில்லை.

ஏஜென்ட்டும் எழுத்தாளரும் ஒரே படகில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையும் 2019இல் பகிரங்கமாக உடைந்தது. ஏஜென்ட் நிறுவனங்கள் நட்சத்திரம், இயக்குநர், எழுத்தாளர் என்று தம் ஆட்களையே ஒரு கட்டாகக் கட்டி ஸ்டூடியோவுக்கு விற்கும் பழக்கம் வானொலிக் காலத்திலிருந்தே உண்டு. 1975இல் தொடங்கிய சிஏஏ என்ற ஏஜென்ட் நிறுவனம் அதைச் சினிமாவில் பெரிதாக்கியது, ‘ரெய்ன் மேன்’ அதன் புகழ்பெற்ற உதாரணம். தொலைக்காட்சியில் இப்படிக் கட்டி விற்றபோது எழுத்தாளரிடம் பத்து சதவீதம் வாங்கவில்லை. ஸ்டூடியோவிடமே நேரடியாகக் கட்டணம். இலவசம் போலத் தெரிந்த இந்த ஏற்பாட்டின் விளைவு, எழுத்தாளரின் சம்பளம் ஏறினாலும் இறங்கினாலும் ஏஜென்ட்டுக்கு ஒன்றுதான் என்பது. 2019 ஏப்ரலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்தாளர்கள் சங்கத்தின் சொல்கேட்டுத் தம் ஏஜென்ட்களை ஒரேயடியாக விலக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வருட இழுபறிக்குப் பின் 2021 பிப்ரவரியில் கடைசிப் பெரிய நிறுவனமான டபிள்யூஎம்இயும் சங்கத்துடனான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. கட்டணத்துக்குக் கட்டி விற்கும் முறை 2022 ஜூன் 30உடன் முடிவுக்கு வந்தது. அந்த இரண்டு வருடம் எழுத்தாளர்கள் பட்டினி கிடக்கவில்லை. வக்கீல்களையும் மேனேஜர்களையும் வைத்து ஒப்பந்தம் பேசிக்கொண்டார்கள். ஏஜென்ட் இல்லாமல் இயங்கவே முடியாது என்ற பேச்சின் ஒரு பகுதியாவது தளர்ந்தது.

மீண்டும் பத்து சதவீதத்துக்குத் திரும்பிய ஏஜென்ட் இப்போது சொல்லும் அறிவுரை மாறியிருக்கிறது. வார இறுதி ஏலங்கள் அருகிவிட்டன. ஸ்டூடியோக்கள் ஏற்கெனவே பெயர்பெற்ற காமிக்ஸ், விளையாட்டு, நாவல் இவற்றின் மேல்தான் பணம் போடுகின்றன. ஆகவே, அசல் திரைக்கதையை முதலில் நாவலாக, சிறுகதையாக, காமிக்ஸாக வெளியிடு, பிறகு உரிமையை விற்கலாம் என்கிறார்கள். அச்சில் வந்ததற்கே விலை என்ற 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்படுத்திய சந்தையின் தர்க்கம் இது. நடுவில் வந்த முதல் பத்துப் பக்கமும் வெள்ளை இடமும் அதற்குத் தேவையில்லை. 1990இன் கைநூல்களை வைத்துக்கொண்டு இருபத்தைந்தாம் பக்கத்தில் திருப்பம் வந்துவிட்டதா என்று எண்ணிக்கொண்டிருக்கும் எழுத்தாளர், அந்தப் பக்கத்தை எண்ணச் சொன்ன சந்தையே இடம் மாறிவிட்டதைக் கவனிப்பது நல்லது.